அதுக்கு வலிக்கும்

அவர் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதை அவருடைய நல்ல குணம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அது ஒரு கடைப் பலகையில் விளக்கு போட்டு எரிகிறது. நானும் சேர்ந்து விளம்பரம் செய்ய வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி வந்து படிகிற இடத்தில் ஒரு தகர ஷெட். வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய டிவி, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் அங்கே உடைத்துப் பிரிப்போம். செம்புக் கம்பி ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல், பச்சை போர்டு ஒரு குவியல். சுத்தியலும் உளியும்தான் கருவி. வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள், எளாவூரைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறவர்கள். எங்கள் அம்மாக்கள் நாற்று நட்டார்கள். நாங்கள் டிவி உடைத்தோம். அவர் எங்களுக்கு சூப்பர்வைசர்.

முதல் நாள் என் முன்னால் கொட்டிய குவியலில் மஞ்சளேறிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கிடந்தது. மேலே ஒரு பிளவு, முன்னால் இரண்டு பட்டன். நான் சுத்தியலை ஓங்கினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து சுத்தியலின் தலையைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தும்மா, மெதுவா. அதுக்கு வலிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, அந்தப் பிளவில் வாய் வைத்து ஊதினார். பிறகு கைக்குட்டையின் நுனியைத் திரித்து, குளிப்பாட்டிய குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி மூலை மூலையாகத் துடைத்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். அது டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய வீடியோ கேம் என்று பக்கத்தில் இருந்த சுசீலா அக்காதான் எனக்குச் சொன்னாள்.

அவர் எங்களிடம் சொல்லிவைத்திருந்தது இதுதான். கையில் பிடித்து விளையாடுகிற சாமான், கேசட் போடுகிற சாமான், பழைய வாக்மேன், பழைய ரேடியோ எதையும் உடைக்கக்கூடாது. அதற்குள் வேறு மாதிரி விஷம் இருக்கிறதாம். அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டுமாம். எடுத்து அவர் மேஜைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை அக்கறை இருக்கும். நான் ஒரு வாரம் நம்பினேன். பிறகு சுசீலா அக்கா சொன்னாள், விஷமும் இல்லை ஒன்றும் இல்லை, அவர் அதை வெளியே விற்கிறார் என்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காயலான் கடையில் போட்டால் ஒரு பிரியாணிக்கு ஆகும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தோம்.

உண்மையான விஷம் எங்கள் மடியில் இருந்தது. டிவியின் பிக்சர் டியூபை உடைத்தால் உள்ளே பூசியிருக்கும் மாவு பறக்கும். போர்டுகளைச் சூடு காட்டிச் சில்லுகளை உதிர்க்கும்போது வரும் புகை தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வோம். கண்ணாடிச் சில்லு ஏறாத விரல் யாருக்கும் கிடையாது. கையுறை வேண்டும் என்று அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறோம். "முதலாளிகிட்ட சொல்லிட்டேன்மா, வந்துரும்" என்பார். அதே இதமான குரல். கேட்டவளுக்கே, ஏன் இவரைத் தொந்தரவு செய்தோம் என்று ஆகிவிடும்.

கையுறை அவரிடம் இருந்தது. மேஜை டிராயரில் ஒரு பெட்டி நிறைய. நகைக்கடையில் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி வெள்ளைப் பருத்திக் கையுறை. மேஜைக்கு அடியில் சேர்ந்த சாமான்களைத் துடைத்து அடுக்கும்போது மட்டும் அதை எடுத்து எங்களுக்குக் கொடுப்பார். கை வேர்வை பட்டால் பிளாஸ்டிக்கில் கறை விழுந்துவிடும் என்பார். அடுக்கி முடித்ததும் திரும்ப வாங்கி, எண்ணாமல், ஒவ்வொன்றாக நீவி மடித்து வைப்பார். நாங்கள் வெறுங்கையோடு டியூபுக்குத் திரும்புவோம்.

அவர் எங்களைக் கேவலமாக நடத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெயில் காலத்தில் தன் காசில் மோர் பாக்கெட் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுப்பார். என் அம்மாவுக்குச் சர்க்கரை என்று ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் விசாரித்தார். முதலாளி எங்களை வாடி போடி என்று கூப்பிடுகிற இடத்தில் இவர் ஒருவர்தான் அம்மா என்று கூப்பிட்டார். மற்றவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சுசீலா அக்கா எல்லாரையும்விட ஒரு படி மேலே.

சுசீலா அக்காவின் வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். ஏரியில் மீன் படாத மாதங்கள் கூடிக்கொண்டே போனதால் அவள் ஷெட்டுக்கு வந்தாள். சின்ன வயதிலிருந்து இறால் உரித்த கை. நாங்கள் திணறுகிற இடத்தில் ஸ்குரூ அவள் விரலுக்குத் தானாகக் கழன்று வரும். அதனால் அவருடைய சாமான்களைத் திறந்து சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு வந்தது. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. "சார் என்னத் தவிர யார் கையிலயும் குடுக்க மாட்டாரு" என்று ஷேர் ஆட்டோவில் சொல்லிக்கொண்டு வருவாள்.

ஒருநாள் வந்த கண்டெய்னரில் ஒரு சின்ன டிவி இருந்தது. சிவப்பு நிறம். டிவிக்குள்ளேயே வீடியோ கேமை வைத்துக் கட்டியிருந்தார்கள். கேசட் போடுகிற பிளவு திரைக்கு மேலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் முழுவதும் அதன் பக்கத்திலேயே இருந்தார். சாப்பிடவில்லை.

அதன் பிக்சர் டியூபில் விரிசல் இருந்தது. டியூபை மட்டும் வெளியே எடுத்துவிட்டு வேறு டியூப் மாட்டலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். டியூபைக் கழற்றுவதற்கு எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஈரச் சாக்கை மேலே போட்டு, பின்னால் வால் மாதிரி நீளும் கண்ணாடிக் கழுத்தை ஒரு கம்பால் தள்ளி நின்று தட்டுவோம். புஸ்ஸென்று காற்று உள்ளே போய்விடும். பிறகு அது வெறும் கண்ணாடி. அதற்கு முன்னால், உள்ளே காற்றே இல்லாததால், அது குண்டு. இது அவருக்கும் தெரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அன்றைக்குச் சாக்கு வேண்டாம் என்றார். ஈரம் கேமுக்குள் இறங்கிவிடுமாம். கழுத்தைத் தட்டவும் வேண்டாம் என்றார். சில்லு விழுந்து உள்ளே கீறுமாம். சுசீலா அக்காவைக் கூப்பிட்டு, நாலு மூலை ஸ்குரூவையும் கழற்றி டியூபை முழுசாகக் கையால் இழுக்கச் சொன்னார். அவள் கையில் அப்போது வெள்ளைக் கையுறை இருந்தது. அதைக் கழற்றிவிடச் சொன்னார். டியூப் முழுக்க அழுக்கு, கையுறை கெட்டுவிடும்.

நான் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். மெதுவாம்மா, மெதுவா என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வெடித்தது. லாரி டயர் வெடிக்கிற மாதிரி. நான் தலையைத் தூக்கியபோது சுசீலா அக்கா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று புரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் பொங்கி வந்தது.

அவர் அந்தச் சிவப்புப் பெட்டியைத் தூக்கினார்.

இதை நான் கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. அவர் அவள் பக்கம் திரும்புவதற்கு முன்னால், ரத்தம் சொட்டுகிற இடத்திலிருந்து பெட்டியைத் தூக்கி மேஜையில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து அதன் மேல் தெறித்திருந்ததைத் துடைத்தார். மூலையில் ஒரு தடவை, பிளவில் ஒரு தடவை. பிறகு அதே கைக்குட்டையோடு ஓடிவந்து சுசீலா அக்காவின் கையைக் கட்டினார். அவர் முகம் வெளுத்திருந்தது. கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் என்னால் இன்னும் பொறுக்க முடியாதது.

மணிக்கட்டில் நரம்பு அறுந்திருந்தது. தையல் போட்டார்கள், பிறகு இன்னொரு தடவை திறந்து தைத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் போயின. மற்ற விரல்களிலும் பிடி நிற்கவில்லை. ஒரு சொம்பைக்கூட இரண்டு நிமிடம் பிடிக்க முடியாது. அவள் கவனக்குறைவு என்று முதலாளி முடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, அவள் கட்டில் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். அந்த ஆப்பிளைப் பற்றி சுசீலா அக்கா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதலாளி எட்டிகூடப் பாக்கல. அவரு ஒர்த்தருதான் வந்தாரு." எனக்கு அவள் மேலேயே கோபம் வரும். சாக்கை வேண்டாம் என்றது யார், கையுறையைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்பேன். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கொஞ்ச நாளில் அவர் ஷெட்டை விட்டு நின்றுவிட்டார். மனசு சரியில்லை என்று சொன்னதாகக் கேள்வி. அடுத்த மழைக்கு நானும் நின்று, ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போனேன். சுசீலா அக்கா இடது கையால் இறால் உரிக்கப் பழகினாள். முன்பு ஒரு கூடை உரித்த நேரத்தில் இப்போது கால் கூடை.

போன வருஷம் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். குப்பையில் கிடக்கும் பழைய வீடியோ கேம்களுக்கு என்ன விலை தெரியுமா என்று ஒரு வீடியோ. முகத்தைப் பார்ப்பதற்கு முன் குரலைக் கேட்டேன். கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. இது எந்த நாட்டில் செய்தது, இதில் எந்த நிறம் அபூர்வம், டப்பாவோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அதே இதமான குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிவப்பு டிவியின் போட்டோவைக் காட்டினார். பெங்களூரில் ஒருவர் ஒரு புது பைக்கின் விலைக்கு அதை வாங்கிப் போனாராம். ஒரு கீறல்கூட இல்லாமல் தானே அதைக் காப்பாற்றினாராம். "எல்லாமே நானே என் கையால குப்பையிலேர்ந்து பொறுக்கி எடுத்தது" என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் ஒரு வீடியோ கேமைத் தாங்கிக்கொண்டிருந்தன. கையுறைக்கு மேலே, வலது மணிக்கட்டில், பச்சை குத்திய மீன்.

அந்த மீனை எனக்குத் தெரியும். அது இருந்த இடத்தில் இப்போது தழும்புதான் இருக்கிறது. வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். ஷெட்டில் ஒருநாள் மத்தியானம் அவர் சுசீலா அக்காவை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்ப் போனில் எடுத்த படம் அது. அன்றைக்கு அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் கையா இது என்று வெட்கப்பட்டது எனக்கு நினைவிருந்தது.

வீடியோவுக்குக் கீழே பாராட்டியிருந்தார்கள். உங்கள் கைகளுக்கு ஒரு வணக்கம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுசீலா அக்கா வீட்டுக்குப் போய்க் காட்டினேன். குதிப்பாள் என்று நினைத்தேன். வீடியோவை மறுபடி போடச் சொன்னாள். அவர் "என் கையால" என்று சொல்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு முழங்கையால் போனை என் பக்கம் தள்ளிவிட்டு, கடை எங்கே என்று கேட்டாள்.

கடை திருநின்றவூரில், ஸ்டேஷனிலிருந்து பிரியும் தெருவில், மாடியில். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, திருவள்ளூர் ரயில் பிடித்துப் போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். போலீசில் சொல்லலாம், வக்கீலைப் பார்க்கலாம், வீடியோவுக்குக் கீழே எழுதலாம். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். நாற்காலி போட்டார். கடைப் பையனை அனுப்பி ஜூஸ் வாங்கி வரச் சொன்னார். "கை இப்ப எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள், சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக அலமாரியிலிருந்து எடுத்த ஒரு கையடக்க கேம் மேஜையில் நீலத் துணி மேல் இருந்தது. அவர்களிடம் எங்களை அறிமுகம் வேறு செய்தார். பழைய இடத்தில் கூட வேலை செய்தவர்கள் என்று.

சுசீலா அக்கா சுவரைப் பார்த்தாள். நேரில் அந்தப் படம் இன்னும் பெரிதாக இருந்தது. மீன் ஒரு முழ நீளம் இருந்தது.

"அந்தப் படத்த எறக்கிடு சார்" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் முகத்தில் வருத்தம் வந்தது. எவ்வளவு அழகான படம், கடை ஓடுவதே அதனால்தான், வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள், உனக்கும் பெருமைதானே அம்மா என்று மெள்ள மெள்ளச் சொன்னார். வேண்டுமானால் கீழே அவள் பெயரைப் போடுவதாகச் சொன்னார். சின்னதாக.

நான் எழுந்துவிட்டேன். வாய் திறப்பதற்குள் சுசீலா அக்கா கையை நீட்டி, நீலத் துணி மேலிருந்த கேமை எடுத்தாள். வலது கையால் எடுத்தாள்.

அவருடைய கை பாய்ந்து வந்து அடியில் நின்றது. அவள் கைக்கு அடியில் இல்லை, கேமுக்கு அடியில். அவள் ஒரு அடி பின்னால் போனாள். கீழே டைல்ஸ் தரை. காரில் வந்த இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கை நடுங்குதும்மா" என்றார் அவர். "கீழ வெச்சிட்டுப் பேசலாம்."

"நடுங்கத்தான் செய்யும். ரெண்டு வெரலு மடங்காது, ஒனக்குத் தெரியாதா? நீ மொதல்ல அத எறக்கு."

"அந்த கேம் மாதிரி இந்த ஊர்லயே இன்னொன்னு கெடையாதும்மா."

"இதுவும் இன்னொன்னு கெடையாது" என்று இடது கையால் தன் மணிக்கட்டைக் காட்டினாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். படம் நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டிய பேனர். ஒரு ஆணியைப் பிடுங்குவார், திரும்பி அவள் கையைப் பார்ப்பார். வேர்த்துக் கொட்டியது. கடைசி ஆணி வரவில்லை. இழுத்தார், மூலை கிழிந்து பேனர் மொத்தமும் அவர் தலைமேல் சரிந்தது. சுசீலா அக்கா கேமை நீலத் துணியில் வைத்தாள். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி நேராக மேஜைக்கு வந்து, அதை எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். நான் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பையன் ஜூஸோடு படியேறி வந்துகொண்டிருந்தான். நாங்கள் அவனைத் தாண்டி இறங்கினோம்.

ரயிலில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவடி வரும்வரை நானே பேசினேன். அவர் முகம் போன போக்கு, காரில் வந்தவர்கள் நின்ற நிலை. சுசீலா அக்கா மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே போட்டுருப்பியாக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நா எங்கடி போடறது? புடிக்க முடியாமத்தான் நின்னுகினு இருந்தேன். அவரு இன்னும் கொஞ்சம் லேட் பண்ணிருந்தாருன்னா, அதுவே வுழுந்திருக்கும்."